முப்பத்தோராம் பக்கம்

அட்டையில் பெயர்: உப்புக்கல் ராணி.
விலை ஒன்றே கால் ரூபாய்.
உள்ளே ஊதா முத்திரை:
கொற்கை ரோடு வாடகை நூல் நிலையம்,
நாளைக்குப் பத்துப் பைசா,
பக்கம் கிழித்தால் முழு விலை.

எனக்கு முன் இந்தக் கேபினில் படுத்த
எவனோ ஒரு தமிழன்
மெத்தைக்கடியில் விட்டுப் போயிருக்கிறான்.
இத்தனை வருட வாடகையைக் கூட்டினாலும்
எங்கள் முதலாளி வைத்திருக்கும் பாக்கியைவிடக்
குறைவுதான்.

அஜ்மான் கரையிலிருந்து நாலரை மைல்.
நங்கூரம் போட்டுப் பதினோரு மாதம்.
டீசல் தீர்ந்த பிறகு
பகலில் இரும்பு கொதிக்கிறது,
இரவில் இரும்பு வியர்க்கிறது.
தார்ப்பாயில் வழியும் பனியை
வாளியில் பிடித்துக் குடிக்கிறோம் நாலு பேர்:
நான், போசன் மச்சாடோ,
சிட்டகாங் சமையல்காரர் பிர்தவுஸ்,
ஒடிசாவிலிருந்து வந்த கேடட் பிகாஷ்.

வெளிச்சம் இருக்கும்வரை படிப்போம்.
சொல்லிவிடுகிறேன், இது நல்ல புத்தகம்.
கதை ஒன்றும் பெரிதில்லை.
ஆறு மாலுமிகள், ஒரு சாபம்,
திறக்கக் கூடாத பெட்டி.
திறக்கிறார்கள்.

ஆனால் அந்த ஓவியர்!
கடலை வரைய அச்சகம் அவருக்கு
நீலம் தரவில்லை.
கறுப்பு, கூட ஒரு சிவப்பு.
அந்தச் சிவப்பும் கோட்டுக்குள் நிற்காமல்
எல்லாக் கட்டத்திலும் ஒரு நூல் தள்ளி விழுந்திருக்கிறது.
அதனால் ஒவ்வொருவன் பக்கத்திலும்
சற்றே விலகி, சிவப்பாக,
அவனே இன்னொரு தரம் நிற்கிறான்.
இதைவிடச் சிக்கனமாக யார் பேய் காட்ட முடியும்?

தவறுகளை மச்சாடோ எண்ணி வைத்திருக்கிறார்.
பாய் காற்றை எதிர்த்து உப்பியிருக்கிறது.
நங்கூரச் சங்கிலி பின்பக்கம் இறங்குகிறது.
"இந்த ஆள் கப்பலையே பார்த்ததில்லை."
இருக்கலாம்.
துருவைப் பார்த்திருக்கிறார்.
ஆணிக்கண்ணில் தொடங்கி
அது எப்படி அவசரமில்லாமல் இறங்கும் என்று
ஏதோ சைக்கிள் மட்கார்டில்
வேலையில்லாதவன் பார்ப்பதுபோல்
நெடுநேரம் பார்த்திருக்கிறார்.

பிர்தவுஸுக்குத் தமிழ் தெரியாது.
'ஐயோ' மட்டும் கண்டுபிடித்துவிடுவார்.
மொத்தம் பன்னிரண்டு, பக்கத்துக்குப் பக்கம் பெரிதாகி.
கடைசி ஐயோவின் துணைக்கால்
கட்டத்தை உடைத்துக்கொண்டு
வெளியே நிற்கிறது.

முப்பத்தோராம் பக்கத்தை அவசரமாகத் தாண்டியிருந்தேன்.
மீனவர்கள் படகைத் திருப்புகிறார்கள்.
பேய்க் கேப்டன் கை நீட்டி மிரட்டுகிறான்.
அவ்வளவுதானே.

போன வியாழன், காற்று விழுந்த ராத்திரி,
விளக்கோடு ஒரு லாஞ்சு எங்கள் பக்கம் வந்தது.
எங்களிடம் இருந்தது ஒரே டார்ச்.
முகம் தெரியட்டும் என்று
மோவாய்க்குக் கீழே பிடித்துக்கொண்டான் பிகாஷ்.
நாலு தாடி, நாலு மொழி,
தொண்டை கிழியக் கூப்பிட்டோம்.
பதில் வந்தது, குமரிக்கரைத் தமிழில்:
"மாதாவே! ஆளில்லாத கப்பல்ல ஆளு நிக்குது லேய், திருப்பு!"

திருப்பிய வேகத்தில்
ஒரு தெர்மோகோல் பெட்டி கடலில் விழுந்தது.
கொக்கிக் கயிற்றால் இழுத்தோம்.
மூடியில் கை வைத்தவன் நின்றான்.
பெட்டியைத் திறந்தால் என்ன ஆகும் என்று
படித்தவர்கள் அல்லவா.
மச்சாடோ சிரிக்கத் தொடங்கி
நிறுத்த முடியாமல் உட்கார்ந்துவிட்டார்.
உள்ளே ஆறு ஷேரி மீன்,
பாதி கரைந்த ஐஸ்.
மீனை விட்டுவிட்டு ஐஸைத் தின்றோம்.

காலையில் புத்தகத்தை மறுபடி எடுத்தேன்.
முப்பத்தொன்று, வலது கீழ்க் கட்டம்.
மிரட்டுகிற கையில் விரல் விரியும், இல்லை மடங்கும்.
இந்தக் கையின் உள்ளங்கை
வானம் பார்த்திருக்கிறது.
நடுவே மூன்று கோட்டில் ஒரு குழி.
குமிழிக்குள் கதாசிரியர்
ஹா ஹா ஹா என்று எழுதிவிட்டார்.
ஓவியர் வரைந்தது தண்ணீர் கேட்கும் கை.

ஓவியர் பெயர் எங்கும் இல்லை.
துருவுக்குள் துருவாக
'சி.மா.' என்று இரண்டு எழுத்து.

அந்தப் பக்கத்தைக் கிழித்து
மாலுமி அறைக் கண்ணாடியில்
கரை பார்க்க ஒட்டியிருக்கிறேன்.
முழு விலை, ஒன்றே கால் ரூபாய்.
என் பாக்கியில் பிடித்துக்கொள்ளட்டும்.