இடதுகரைத் துருசு

முத்தையன்கட்டில் துருசுக் கதவு திறப்பவன் நான்.
சக்கரத்தை எத்தனை சுற்றுச் சுற்றினால்
எந்த வயலுக்கு எப்போது தண்ணி போகும்,
அது தெரியும்.
மற்றதெல்லாம் பியூலா சொன்னது.

மாஞ்சோலை ஆஸ்பத்திரிக்கு
கொழும்பிலிருந்து இரத்தம் எடுக்க வந்த பிள்ளை.
எங்கள் இருவருக்கும் ஒரே குழாய், ஒரே ஊதா மூடி.
பெயரை மாறி ஒட்டினாலும்
உள்ளே ஒரே எழுத்துத்தான் என்றாள்.
கஜரூபன் தன் குழாயை வெளிச்சத்தில் பிடித்து
"இதில எட்டுப் பேர் இருக்கினம், கவனம்" என்றான்.
அவள் எழுதிக்கொண்டாள்.
அவன்தான் சிரித்தான்.

ஒரு மரபணு அல்லவாம், நூற்றுக்கணக்கில்.
அம்மா பக்கம் கொஞ்சம், அப்பா பக்கம் கொஞ்சம்,
அரிசிக்குள் கிடக்கும் குறுணிக்கல் மாதிரி.
தனியே எதனாலும் ஒன்றும் ஏலாது.
ஒரு நரம்பு மற்றதைக் கூப்பிட
குளூட்டமேட் போய்த் தட்டுகிறது;
சிலருக்கு அந்தக் கதவு இறுகிக் கிடக்கலாம்.
இதுவும் இன்னும் ஊகந்தான் என்றாள்.

"குளூட்டமேட்டோ? அது அஜினமோட்டோ எல்லோ"
மாங்குளம் சந்தியில் மூன்று வருடம் கொத்து அடித்தவன் கேட்டான்.
"கை கையா அள்ளிப் போட்டனான்.
அப்ப ஊருக்கே வந்திருக்கோணும்."
சாப்பிடுவது அங்கே ஏறாது அண்ணா,
மூளை தனக்கு வேண்டியதைத் தானே காய்ச்சும்.
"கசிப்பு மாதிரி" என்றான்.

கதவு என்றதும்
எனக்கு விளங்கிவிட்டதாய் நினைத்தேன்.
குளம் முட்ட நீர், திருகில் துரு,
வாய்க்காலில் ஈரமில்லை.
கடைசி வயல்காரர் மண்வெட்டியோடு இரவில் வந்து
என் கொட்டிலுக்கு வெளியே நின்று கத்துவார்கள்.
அந்தக் கூச்சல்தானே இவனுக்குக் கேட்பது?
பஸ்ஸில் அவனிடம் சொன்னேன்.
"உனக்குத் துருசு. எனக்கு அது சத்தம்"
என்றான், ஊசி ஏற்றிய இடத்தைத் தடவியபடி.
அந்த ஊசியும் இந்தக் கதவைத் திறப்பதில்லை,
வேறொரு வாய்க்காலை மறிக்கிறது, அவ்வளவுதான்.

செல்லடியால் வந்தது என்கிறா அம்மா, இன்றைக்கும்.
தன் வயிற்றிலிருந்து வந்ததல்ல என்று
யாராவது அவவுக்குச் சொல்ல வேண்டும்.
அதே பங்கருக்குள்
அவனுடைய கால்மாட்டில் நானும் கிடந்ததை
நான் ஞாபகப்படுத்துவதில்லை.
ஒரே முட்டை பிளந்து வந்தவர்கள்,
ஒரே கிடங்கு, ஒரே கஞ்சி.

உங்களைப் போன்ற சோடிகளில்
மற்றவருக்கும் வருவது
ஏறத்தாழப் பாதிக்குப் பாதி என்றாள் பியூலா.
எந்தப் பாதி என்று கேட்டேன்.
தாளை மடித்தாள்.
எனக்கு முப்பத்தொன்பது,
வருகிற வயது பெரும்பாலும் கடந்துவிட்டதாம்.

மகளுக்குப் பதினேழு.
இரவில் வேம்பைச் சுற்றி நடந்து நடந்து கதைக்கிறாள்,
சிரிக்கிறாள், நிறுத்துகிறாள், "இல்லை" என்கிறாள்.
விளக்கை அணைத்துவிட்டு
யன்னலோடு நிற்கிறேன்,
கைக்குள் போன் வெளிச்சம் தெரியுமட்டும்.
அந்தப் பக்கத்தில் எவனாவது ஒரு பொடியன் இருக்கட்டும்,
கடவுளே,
எவனாவது ஒரு பொடியன்.