நாலு சொல்

வாளையாறு செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம்
எங்கள் மில் எழுந்தது அறுபத்தஞ்சில்.
நூற்பு மெஷின் பூட்ட ஜெர்மனியிலிருந்து வந்தவர்
எக்கார்ட் லோஸே.
எங்கள் வாயில் ஏக்காட்டார்.

அவர் கற்ற தமிழ் நாலு சொல்:
இடது, வலது, மேலே, மெல்ல.
ராக்கியப்பனும் நானும் கடப்பாரையால் நெம்ப,
மட்டக்குமிழில் கண் வைத்துச் சொல்வார்.
குரல் உயராது.
மயிரிழை பிசகாது.

கணவாய்க் காற்று தகரத்தைப் பிறாண்டும் ராத்திரி.
வாச்மேன் வேலாயுதன் கொடுத்த கட்டஞ்சாயா.
விளக்கில்லாமல் அரிசிச் சைக்கிள்கள்
கேரளத்துக்குள் போகிற நேரம்.
"மூணு" என்றார் ஏக்காட்டார், எட்டிப் பார்க்காமலே.
பிறகு அரைகுறை இங்கிலீஷில்:

இருபது வயதில் இதே வேலைதான்,
ராத்திரி விமானத்தில்.
ஓட்டுகிறவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து,
காதில் ரேடியோ,
உள்ளங்கை அகலக் கண்ணாடியில் பச்சைக்கோடு.
கோட்டில் ஒரு புடைப்பு வந்தால்
இருட்டில் ஒரு விமானம்.
இடது. இன்னும் இடது. மேலே. மெல்ல, மெல்ல.
ஓட்டுகிறவன் கண்ணில் அது பட்டதும்
இவர் வேலை முடிந்தது.

"நான் சுட்டதில்லை."
யாரும் கேட்டிருக்கவில்லை.

எத்தனை, என்றேன்.
இருபத்து மூன்று.
ஒன்றில் ஏழு பேர்.
பீடிக்கட்டுத் தாளில் பெருக்கிப் பார்த்தேன்.
மூன்று ஷிப்டுக்கும் எடுக்கப்போகிற ஆள்
நூற்று அறுபது.
அதைவிட ஒன்று கூட வந்தது.
குதித்தவர்களைக் கழிக்கணும், என்றார்.
எத்தனை பேர் குதித்தார்கள்?
இருட்டு, என்றார்.

அடுத்த சனிக்கிழமை பியூஸ் போனது.
தரையெல்லாம் பிரித்த பல்சக்கரம்,
நடுவில் மூடாத குழி,
போர்டு எதிர்ச்சுவரில்.
தீப்பெட்டியைத் துழாவினேன்.
"பஞ்சு!" என்று ராக்கியப்பன் கத்தினான்.

அப்போது அந்தக் குரல்,
என் முதுகுக்குப் பின்னால்.
வலது. இன்னும் வலது.
என் செருப்புச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு
இடது, மெல்ல.
குழியின் குளிர் கணுக்காலில் பட்டது.
மெல்ல.
மெல்ல.
கை போர்டில் முட்டியது.

கம்பி மாற்றினேன். வெளிச்சம்.
திரும்பினால்
ஏக்காட்டார் கண்ணை இறுக்கி மூடி
இரண்டு காதையும் பொத்தியிருந்தார்,
வெளிச்சத்துக்குப் பின்னால் வருகிற
சத்தத்துக்காக.

"வந்துட்டேன்" என்றேன்.
கையை விலக்கினார்.
மறுபடி சொன்னேன்.
அந்தச் சொல் அவருக்குத் தெரியாது.