கேக்கலீங்

பனியன் கம்பெனி செக்கிங் டேபிளில்
ஆறு வருஷம் ஓட்டை தேடியவள் நான்.
ட்யூப்லைட்டுக்கு முன்னால் துணியைப் பிடித்தால்
ஊசிமுனை அளவு வெளிச்சம் கசியும்.
சிவப்பு ஸ்டிக்கர். கழிவு மூட்டை.

இப்போது லேப். கையில் அகர் தட்டு.
அங்கமுத்துவின் குதிகால் புண்ணில் துடைத்தெடுத்தது
ஒரே ராத்திரியில் பாயாக விரிந்திருக்கிறது.
மேலே பன்னிரண்டு மருந்து வில்லைகள்,
ஒன்றைச் சுற்றியும் வளையமில்லை.
வில்லையின் விளிம்புவரை வந்து
உரசிக்கொண்டு நிற்கிறது கிருமி.
துணியாக இருந்தால்
கண்ணை மூடிக்கொண்டு பாஸ் போட்டிருப்பேன்.

கடைசி மருந்தைத் தட்டில் பார்க்க முடியாது,
குழிகளில் ஊற்றிப் பார்க்க வேண்டும்.
எல்லாக் குழியும் கலங்கியிருந்தது.

"எதுக்காச்சும் கேக்குதுங்களா?"
ஜன்னலுக்கு வெளியே அவன் சம்சாரம் தெய்வாத்தாள்.
கேக்கலீங்.
எதுக்குமே கேக்கலீங்.

மருந்தின் பேரைச் சொன்னதும்
கட்டிலில் கிடந்த அங்கமுத்து சிரித்துவிட்டான்.
"கோலிஸ்டினா? பல்லடத்துப் பண்ணையில
என்ற கையாலயே கலக்குனதுங்க.
மூட்டைத் தீவனத்துக்கு ஒரு கரண்டி.
நோவெல்லாம் ஒண்ணுமில்லீங்,
குஞ்சு வெரசா எடை ஏறோணும்னுதான்."

கோழிகள் லாரியேறிப் போய்விட்டன.
அவற்றின் குடலில் பாடம் படித்தவை
எருவோடு சோளக்காட்டில் இறங்கியிருக்கலாம்,
வாய்க்காலில்,
செருப்பில்லாத ஒரு குதிகாலில்.
எந்த வழி வந்ததென்று தட்டு சொல்லாது.

"நொய்யல்ல ஒரு பாட்டில் மொண்டு வாங்க" என்றார்
டாக்டர் குழந்தைவேலு.
பாலத்தடியில் சாக்கடை சேருமிடம்,
துப்பட்டாவால் மூக்கைக் கட்டிக்கொண்டு போனேன்.
கிருமி கொழிக்கும் இடத்தில்தான்
கிருமியைத் தின்கிற வைரஸும் இருக்குமாம்.
வடிகட்டி, வடிகட்டி,
கண்ணுக்கு ஒன்றுமே இல்லாத தண்ணீரில் ஒரு சொட்டு
அந்தப் பாயின் மேல் விட்டேன்.

நாலு தடவை ஒன்றுமில்லை.
இன்று காலை, பழைய பழக்கத்தில்,
ட்யூப்லைட்டுக்கு முன்னால் தட்டைப் பிடித்தேன்.
ஊசிமுனை அளவு வெளிச்சம்.
பக்கத்தில் இன்னொன்று.

டாக்டர் உற்சாகப்படவில்லை.
இது ஊசியில் ஏற எத்தனை கையெழுத்து வேண்டுமோ,
கிருமி இதற்கும் பாடம் படித்துக்கொள்ளும்,
வேறு தேட வேண்டிவரும் என்றார்.
அங்கமுத்துவுக்கு முழங்காலுக்குக் கீழே
வியாழக்கிழமையே எடுத்தாயிற்று.
புண் இன்னும் மேலே ஏறுகிறது.

ஜன்னலில் தெய்வாத்தாள்,
அதே கேள்வியோடு.

கொஞ்சம் இருங்க என்று கையைக் காட்டிவிட்டு
ஓட்டைகளை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.
பதினேழு.
ஒன்றையும் கழிக்க மனசில்லை.