குதிரைவிழுங்கியின் முதுகில்

இந்த மலைக்கு உச்சி கிடையாது.
யாரோ கத்தியால் சீவி எடுத்ததுபோல் தட்டை.
சுற்றிலும் முன்பு ஏரி. ஹாமூன்.
இப்போது உப்பு, சிப்பி ஓடு,
குப்புறக் கிடக்கும் ஒரு நாணல் படகு.
அது என்னுடையது.

நண்பகல்.
தண்ணீர் லாரியைக் கீழே நிறுத்திவிட்டு
இரும்புச் சட்டியோடு ஏறி வந்திருக்கிறேன்.
வெள்ளாட்டுக் கறி, இரண்டு வெங்காயம்,
மாஹ்பீபி துணியில் முடிந்து தந்த மஞ்சள்.
நூற்றிருபது நாள் காற்றில்
இன்று எத்தனையாவது நாளென்று
எண்ணுவதை விட்டுவிட்டேன்.
கல் மறைவில் நாலாவது குச்சிதான் பிடித்தது.

இங்கேதான் என்று நான் சொல்லவில்லை.
ஆனால் இதுபோல் ஒரு மேட்டில், இதே வேளையில்தான்
அந்தக் கதாயுதக்காரன் கறி சமைத்தான்.
தீ தாமதமாகப் பிடித்ததென்று தீயையே அடித்தவன்;
அந்த வழக்கு மேலே இன்னும் முடியவில்லை என்பார்கள்.
நான் குச்சியைத் திட்டக்கூட இல்லை.

மேடென்று நினைத்தான்.
படுத்திருந்தது கொம்புள்ள பாம்பு.
குதிரையை விழுங்கும், மனிதனை விழுங்கும்,
மேலெல்லாம் மஞ்சள் நஞ்சு
கட்டைவிரல் உயரத்துக்கு ஓடும்.
கண் ஒவ்வொன்றும் வண்டிச்சக்கரம்.
பல்லிடுக்கில் குதிரைகள் தொங்கிக்கொண்டிருக்கும்,
நாம் குத்தி எடுக்க மறந்த கீரை நார்போல.

சூடு ஏறியது.
முதுகு வேர்த்தது.
ஒரே சிலிர்ப்பு. சட்டி கவிழ்ந்து
கொதிநீர் நாலாபுறமும் சிதறியது.
பிறகு வரும் இடம்தான் எனக்குப் பிடித்தது:
அவன் பயந்து ஓடினான்.

கொன்றதெல்லாம் அப்புறம்.
வாலில் தொடங்கித் தலைவரை
அரைநாள் அதன் முதுகிலேயே ஓடிப் போய்க் கொன்றானாம்.
இருக்கட்டும்.
முதலில் ஓடினான்.
அதைச் சொல்ல வெட்கப்படாத வாய் யாருடையதோ,
இந்தச் சட்டியில் முதல் கவளம் அந்த வாய்க்கு.

நாங்களும் ஓடியவர்கள்தாம்.
ஷாஹ்நவாஸ் கோர்கானுக்குப் போனான், செங்கல் சூளைக்கு.
பீர்தாதின் வீட்டில் மணல் ஜன்னல் வழியே நுழைந்து
அவன் கட்டிலில் படுத்துக்கொண்டது.
மாடுகளை எடைக்கு விற்றோம்.
எடை இல்லை.
ஆற்றை எல்லைக்கு அப்பால் எங்கோ மடக்கிவிட்டார்கள்.
இருபக்கத்து அதிகாரிகளும் கைகுலுக்கும் படம்
என் லாரிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது,
வெயில் மறைக்க.
இருமினால் மஞ்சள் புழுதி வருகிறது.
காலையில் வாசலில் விரலை ஊன்றி அளந்தேன்:
சரியாகக் கட்டைவிரல் உயரம்.
கதையில் பொய்யில்லை.

என்னிடம் கதாயுதம் இல்லை.
கரண்டி இருக்கிறது.
கொல்ல வரவில்லை நான்.
கொம்பா, அடியில் நீ இருந்தால் கேள்:
வேர்த்தால் போதும்.
இவ்வளவு பெரிய முதுகு வேர்த்தால்
எத்தனை குடம் தேறுமென்று
தண்ணீர் விற்பவனுக்குத் தெரியும்.
நஞ்சாயிருந்தாலும் ஈரம் ஈரம்தான்.
நாணல் சகித்துக்கொள்ளும். வாத்துகள் யோசித்துவிட்டு இறங்கும்.
அப்புறம் எழுந்து விழுங்கு.
குதிரை இல்லை, லாரியை எடுத்துக்கொள்.
ஒன்பது தவணை பாக்கி இருக்கிறது.

மூடி தடதடக்கிறது.

காற்று.
காற்றுதான்.

சாற்றில் ஒரு கரண்டி மொண்டு கல்லில் ஊற்றினேன்.
ஸ்ஸ் என்றது, குடித்துவிட்டது.
உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன்.
அடுப்பின் சூடு இவ்வளவு, வெயிலின் சூடு இவ்வளவு,
இரண்டையும் கழித்தால்
இன்னும் கொஞ்சம் மிச்சம் இருப்பதுபோல் இருந்தது.

சாப்பிட உட்கார்ந்தேன்,
செருப்பைக் கழற்றாமல்.