தோடு பார்க்கக் கொடுத்த வகை

பாலக்காட்டுச் சித்தூர் முன்சீப் கோர்ட் உத்தரவுப்படி
புளியங்களத்துச் சாமான்களை எண்ண வந்தவன் நான்.
உருளி பதினொன்று.
சாய்வு நாற்காலி நாலு, ஒன்றுக்குக் கை இல்லை.
பிறகு படங்கள்.

ஆண்கள் ஏழு பேர்.
ஏழு மூக்கு, ஏழு விதத் திமிர்.
நாகப்ப மன்றாடியாரின் இடக்கண்
சற்றே இறங்கியிருப்பதைக்கூட
விடவில்லை படக்காரன்.
பெண்கள் மூன்று பேர்.
மூவருக்கும் ஒரே முகம்.

மாமியாருக்கும் மருமகளுக்கும் எப்படி?
"தறவாட்டுச் சாயல்" என்றார் வாதி.
பிரதிவாதி, இந்த வழக்கில் முதன்முறையாக,
அண்ணன் சொன்னதற்குத் தலையாட்டினார்.

பத்தாயத்துக்குப் பின்னால் கணக்குப் புத்தகம்.
பூச்சி தின்றது போக மிச்சத்தில்
கொல்லம் ஆயிரத்து எண்பத்தொன்று, துலா மாதம்:
படக்காரன் லெச்சண்ணனுக்கு நெல் மூன்று பறை.
அம்மாளின் தோடு ஒரு ஜோடி பார்க்கக் கொடுத்த வகை.
மறுநாள், தோடு திரும்ப வரவு.
முகம் பார்க்கக் கொடுத்த வகை
எந்தப் பக்கத்திலும் இல்லை.

தோடு சரிதான். ஏழு கல்லும் எண்ணினேன்,
வலக்காதில் ஒரு கல் மங்கல், அதுவும் இருக்கிறது.
இரண்டு தோட்டுக்கும் நடுவில் உள்ளதற்குத்தான்
அவன் வேறெங்கோ போயிருக்கிறான்.

எந்த ஊர்க்காரன் என்று கேட்டுப் போனேன்.
கொழிஞ்சாம்பாறையில், வேலந்தாவளம் என்றார்கள்.
வேலந்தாவளம் சந்தையில்
செக்போஸ்டுக்கு அப்புறம், கோயமுத்தூர்ப் பக்கம் என்றார்கள்.
அப்புறம் போனால்
அந்தக் காலத்து மலையாளத்துக்காரன் இல்லையா என்றார்கள்.

மறுபடி புத்தகம்.
எண்பத்தைந்து, மீன மாதம்:
லெச்சண்ணன் பெண்சாதி இறந்ததற்கு
கோடி ஒன்று, ரூபாய் ஒன்று.
ரூபாய் கடன்.

மூன்றாம் படம் தொண்ணூற்றிரண்டில்.
இளைய தாரத்துக்கு. பச்சைக்கல் தோடு.
ஏணி போட்டு ஏறி டார்ச் அடித்தேன்.
முதல் இரண்டையும்விட வயது குறைவு.
முதல் இரண்டிலும் மூடியிருந்த உதடு
இதில் லேசாகத் திறந்திருக்கிறது,
சோறு ஆறுது, வந்து உட்காரும்
என்று சொல்ல வாயெடுத்ததுபோல.

கீழே பிரதிவாதியின் குரல்:
"பச்சைத்தோட்டுப் படம் மட்டும் எனக்கு வேணும் சார்,
என் மக அச்சு அசல் அவங்கதான்."
ஏணியைப் பிடித்திருந்த கையை விட்டுவிட்டு
வாதி அவரைப் பார்த்துத் திரும்பினார்.

யாருடைய படம் என்ற கட்டத்தைக்
காலியாக விட்டால் கோர்ட் திருப்பி அனுப்பும்.
லெச்சண்ணன் வகை, என்று எழுதினேன்.
சட்டத்தின் கீழ்மூலையில்
செல்லரிப்பு உண்டு என்றும்.