அரைப் பேர்

அறுபத்திரண்டு ஜீபி.
நள்ளிரவுக்குப் பிறகான மலிவு டேட்டாவில் நாலு இரவு.
குசினி ஜன்னலில், பால்மா டின் மேல்
ரவுட்டரைக் கொட்டகலைக் கோபுரம் பார்க்க நிறுத்தி
இறக்கினேன்.
மூன்றாம் இரவு இடி விழுந்து
எண்பத்தொரு சதவீதத்தில் நின்றதை
யாரிடமும் சொல்லவில்லை.
முப்பத்துநாலு வயதில்
இதற்கெல்லாம் லீவு போட்டவள் என்று தெரிந்தால்
வங்கியில் சிரிப்பார்கள்.

ஆறு வந்தது.
முன்பு அது பச்சையாய் ஒரு பட்டை,
அதன் மேல் பலகைபோல ஒரு படகு.
இப்போது அலை உண்டு, அலையில் நிலா உண்டு.
நாணலுக்குள் நடந்தால் விலகுகிறது,
நான் போன பின் நிமிர்கிறது.
நன்றாகத்தான் இருக்கிறது, பொய் சொல்லக் கூடாது.
அக்கரைகூடத் தெரிகிறது.
முன்பு அங்கே பனி மட்டும்.
அதற்கு மேல் வரைய இயந்திரத்துக்குச் சக்தியில்லையாம்.
எங்களுக்கு அதில் சந்தேகமே வந்ததில்லை,
கடை ஜன்னலுக்கு வெளியேயும்
அதே தூரத்தில்தான் உலகம் முடிந்தது.

பிறகு படகோட்டி வாயைத் திறந்தான்.

என் மகள் இறந்துபோனாள்,
பாலத்தை எரித்தவன் அரசன்,
அக்கரையில் யாரையும் நம்பாதே, வீரனே,
என்றான் ஆங்கிலத்தில்,
தேயிலை விளம்பரத்தில் பேசுகிறவனின் குரலில்.
மூன்று நிமிடம்.
தாண்டிப்போகப் பொத்தான் இல்லை.

எங்கள் படகோட்டி ஊமை.
ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே நஸ்ருதீன் நானாவின் கடை,
மணிக்கு முப்பது ரூபா,
இரண்டு கதிரை, ஒரு திரை.
அமலதாஸ் கீபோர்ட், நான் மவுஸ்.
படகோட்டி கிட்டே வருவான், தலை மட்டும் ஆடும்,
வாய் என்பது ஒரு கோடு.
ஒன்றுமே கேட்காது, கொஞ்ச நேரம்.
அந்தக் கொஞ்ச நேரத்தில்
அமலதாஸ் எங்கள் மலைக் கணக்கப்பிள்ளையாகி
மூக்கால் பேசுவான்:
“இப்பதான் வாரியா? மணி என்னா?
ஒனக்கு இன்னைக்கு அரைப் பேருதான்.”
கல்லாவிலிருந்தே நானா சிரிப்பார்.
வாள் வைத்திருந்த எங்கள் வீரன்
தலைகுனிந்து படகில் ஏறுவான்.
அந்த மாதம் அம்மாவின் செக்ரோலில்
கொழுந்து நிறை காணாமல்
நாலு அரைப் பேர்.
நானும் சிரித்தேன்.

யார் இவனுக்கு வாய் வைத்தது?
கோபத்தோடு தேடினேன்.
பழையதிலும் பேசியிருக்கிறான்.
முதல் நாளிலிருந்தே,
இதே மகள், இதே அரசன்.
ஒரே சீடிக்குள் அடங்கட்டும் என்று
கொழும்பில் எவனோ குரல்களையெல்லாம் வெட்டிவிட்டு
நூற்றைம்பதுக்கு விற்றிருக்கிறான்.

இத்தனை வருஷமாய் நான் பத்திரப்படுத்தியது
யாருமே செய்யாத ஒரு விளையாட்டு.
அப்படியென்றால் இந்த ஏமாற்றத்தை
எந்த விலாசத்துக்கு அனுப்ப?

சத்தத்தைப் பூஜ்யமாக்கினேன்.
டோஹாவுக்கு அழைத்தேன்.
ஏதோ கோபுரத்தின் வாசலில் அவனுக்கு இரவு வேலை.
“பிரிஸ்கா, தூங்கலையா நீ?”
படகு என்றேன்.
“எந்தப் படகு?”
போனைத் திரைக்கு நேரே பிடித்தேன்.
அவன் பக்கம் லொறி ஒன்று
பின்னால் வரும் பீப், பீப்.

அரைப் பேரு என்று நான் எடுத்துக்கொடுக்கவில்லை.
பல், நாக்கு, நாக்கின் ஈரம் வரை வரைந்திருக்கிறார்கள்.
மகளைச் சொல்லி முடித்து
உதடுகள் அரசனுக்கு வந்துவிட்டன.
அப்போதுதான் அவன் குரல் வந்தது,
மூக்கால் அல்ல:

“கார்டக் காட்டுங்க சேர்.
கார்டு இல்லாம உள்ள விட ஏலாது.”

வாய் பொருந்தவில்லை.
வீரன் அப்படியே நின்றான்,
சட்டைப்பையைத் தடவுகிறவன்போல.
அந்தக் கவசத்தில்
எல்லா ஆணியையும் வரைந்தவர்கள்
பை வைக்கவில்லை.