அரை மாத்திரை

துலூத் நகரில், பனி அள்ளும் வண்டிகள் போனபின்,
மார்லிஸ் ஓப்ஸ்டாட் காதில் மாட்டிக்கொண்டாள்
பதினொரு வினாடிகளை.
இரைச்சல். டீசல் எஞ்சின். அப்புறம் ஒரு மனிதக் குரல்:
விடியும்வரை தாங்கும் என்கிறது.
அல்லது தாங்காது என்கிறது.

இங்கே நான் குறுக்கிட வேண்டும்.
நம் பேச்சில் இந்த ஐயமே எழாது.
'தாங்காது': நடுவில் வாய் திறந்து நிற்கும் நெடில்,
எந்த ஏரி அலையும் அதை மூடிவிட முடியாது.
அவர்கள் மறுப்போ ஒரு மெய்யில் தொங்குகிறது.
கேன் என்றால் முடியும். கேன்ட் என்றால் முடியாது.
அந்த ட்-டையும் அமெரிக்க வாய் முழுதாய் விடுவதில்லை.
நாக்கு மேலே போய் ஒட்டும், திறக்காது;
தொண்டையில் ஒரு கதவு சாத்திக்கொள்ளும்.
முன்னால் நின்ற ன் மூக்கில் கசிந்து
உயிரோடு கரைந்துபோகும்.
மெய்க்கு அரை மாத்திரை. அதுவும் சத்தமில்லாமல்.

பிறகு எப்படித்தான் கேட்கிறார்கள்?
ட்-டை யாரும் கேட்பதில்லை, என்பாள் மார்லிஸ்,
அழுத்தத்தைக் கேட்கிறார்கள்.
முடியும் என்னும்போது அழுத்தம் வேறு சொல்லுக்குப் போய்விடும்,
உயிர் சுருங்கும், பனானாவின் முதல் அகரம் மாதிரி,
நம் குற்றியலுகரத்துக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி.
கேன் கூட இல்லை, வெறும் க்ன்.
முடியாது என்றால் உயிர் முழுசாய் வரும்.
திரையில் முழு உயிர், கருத்த பட்டைகளாய்.
விசாரணைக் குழுவுக்கு ஒரே பத்தி போதும்.

ஆனால் படகோட்டி அர்வோ நிஸ்கானென்,
பள்ளிக்கூடம் போகும்வரை ஃபின்னிஷ் மட்டுமே பேசிய வாய்,
எந்த உயிரையும் பட்டினி போடாத வாய்.
பனானாவின் மூன்று அகரத்துக்கும் அங்கே சமபங்கு.
முடியும் என்றாலும் அவர் முழுசாய்த்தான் சொல்லியிருப்பார்.

அன்றிரவு வானொலியில் கேட்டவன் லமார் பெட்வே,
இருபத்துமூன்று வயது, அலபாமாக்காரன்.
அவன் ஊரில் முடியாது என்றால் கெய்ன்ட்,
உயிர் வளைந்து ஏறும்.
அந்த வளைவுக்காகக் காத்திருந்தது காது.
வரவில்லை.
'தாங்குமாம்' என்று குறித்தான். மணி 2.14.
மீட்புப் படகு விடிந்தபிறகு கிளம்பியது.

அவனைச் சொல்லி என்ன?
நானும்தான் இந்தத் தாளில் 'பின்' என்று எழுதுகிறேன்.
குண்டூசியா, குப்பைத் தொட்டியா?
கழுத்தில் விரல் வைத்துச் சொல்லிப்பாருங்கள்,
எழுத்து காட்டாததை அதிர்வு காட்டும்.

அர்வோவின் தங்கை ஹில்யா டூ ஹார்பர்ஸில் இருந்தாள்.
அவள் தொலைபேசிப் பெட்டியில் அண்ணன் இன்னும் பேசினார்:
ஞாயிறு வர முடியும், உருளைக்கிழங்கு வாங்கட்டுமா.
அடுத்த வாரம் முடியாது, வலை கிழிந்துவிட்டது.
மார்லிஸ் அளந்தாள்.
சாத்தப்போகும் கதவுக்கு முன் உயிர் அவசரமாய் ஓடும்,
குறுகும், அது யாருக்கும் மாறாத பழக்கம்.
முடியும்: நூற்றுத் தொண்ணூறு மில்லி வினாடி.
முடியாது: நூற்று இருபது.
வானொலியில் இருந்தது நூற்று நாற்பது.

அந்தப் பதினொரு வினாடியை ஹில்யா ஒரே முறை கேட்டாள்.
இதுவா அதுவா என்று அவள் சொல்லவில்லை.
"தாடை நடுங்குது" என்றாள்.
"குல்லாய் போட்டிருக்கமாட்டான்."

மார்லிஸ் காருக்குள் உட்கார்ந்தாள்.
எஞ்சினைப் போடவில்லை, கண்ணாடியை இறக்கிவிட்டாள்.
இரண்டு சொல்லையும் மாற்றி மாற்றிச்
சொல்லிக்கொண்டே இருந்தாள்,
தன் தாடையும் நடுங்கத் தொடங்கும்வரை.